பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: தினமும் ஓட்டுவதா, பொத்தி வைப்பதா?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இன்றும் பிரிட்டனில் புதியவர்கள் நம்பி வாங்கக்கூடிய, துணிக்கூரையை மடக்கித் திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். எடை ஒரு டன்னுக்குள். இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். தொடக்கத்தில் 1.6 லிட்டர் இன்ஜின், பிறகு 1.8. பட்டனை அழுத்தினால் முகப்பு விளக்குகள் மேலெழும். வாங்கிய கையோடு வரும் கேள்வி ஒன்று: வேலைக்குப் போக வர இதையே ஓட்டலாமா, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுத்துவிட்டு மூடி வைக்க வேண்டுமா?

பலர் மைல் கணக்கை வைத்து இதற்கு விடை தேடுகிறார்கள். அது சரியான அளவுகோல் அல்ல. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் இந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் 1,50,000 மைலைத் தாண்டியும் சலிக்காமல் ஓடும். இந்த வண்டிகள் உடைப்புக்குப் போவதற்கு வழக்கமான காரணம் துரு. துருவுக்கு மைல் தேவையில்லை, உப்பும் தேங்கிய நீரும் இருந்தால் போதும். இன்னொரு பக்கம், ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியில் பிரேக் இறுகும், பெட்ரோல் கெடும், டயர் கல்லாகும், எலி குடியேறும். ஆகவே எந்த மாதங்களில் ஓட்டுகிறோம், ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவு தூரம், வீடு திரும்பியதும் என்ன செய்கிறோம் என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மனசாரத் தினமும் ஓட்டுங்கள், சாலையில் உப்பு தூவும் மாதங்களில் நிறுத்துங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. வேறு வண்டி இல்லாதவர் குளிர்காலத்திலும் ஓட்டலாம். ஆனால் அதற்கான முன்வேலையைக் கோடையிலேயே முடித்திருக்க வேண்டும்.

முதல் படி: கையில் இருப்பது எப்படிப்பட்ட வண்டி?

முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின. ஆகவே சாதாரண வண்டி ஒன்றை அருங்காட்சியகப் பொருள்போல் பூட்டி வைப்பதில் பெரிய லாபமில்லை. பொத்தி வைக்க வேண்டியவையும் உண்டு. ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 1991-இல் வென்றதை ஒட்டி பிரிட்டனில் வந்த ‘ல மான்’ பதிப்பு 24 வண்டிகள்தான். ஜப்பானில் வந்த ‘எம்2 1001’ பதிப்பு 300 வண்டிகள். அப்படி ஒன்று கையில் இருந்தால் இந்தக் கட்டுரையின் தினசரிப் பகுதியை விட்டுவிட்டு நிறுத்திவைக்கும் பகுதிக்கு நேரே போய்விடுங்கள்.

மற்ற வண்டிகளில் பார்க்க வேண்டியது மூன்று. பெயின்ட் தொழிற்சாலையில் அடித்ததுதானா? கதவுக்குக் கீழே வெல்டிங் பட்டிருக்கிறதா? ஸ்டியரிங், ரேடியோ, சக்கரங்கள் எல்லாம் அந்த வண்டியோடு வந்தவையா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்து, பழைய சர்வீஸ் ரசீதுகளும் இருந்தால் அந்த வண்டியைக் குளிர்கால உப்பில் இறக்காதீர்கள். ஏற்கெனவே வெல்டிங் பட்டு, மறுபெயின்ட் கண்டு, சக்கரமும் மாறியிருந்தால் தயங்கவே வேண்டாம், ஓட்டுங்கள். கழற்றிய பழைய பாகம் எதுவாக இருந்தாலும், உடைந்த ரேடியோவாகவே இருந்தாலும், துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். விற்கும் நாளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

தினமும் ஓட்டப் போகிறவர் வாங்குமுன் ஒன்றைக் குனிந்து பார்க்க வேண்டும். 1.6 லிட்டர் இன்ஜினில் ஆரம்ப கால வண்டிகளுக்கு கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினின் முக்கிய சுழல்தண்டின்) முன்முனை குட்டையானது. வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அந்த முனையின் நடு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் ‘சாவி’ என்ற சிறு உலோகத் துண்டு உட்காரும் காடி மெல்ல மெல்லத் தேய்ந்து, பல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆட ஆரம்பித்து, டைமிங் விலகி, இழுவை குறையும். அடையாளம் காண்பது எளிது. ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்து, கீழே உள்ள கிராங்க் பல்லியின் நடுப்பகுதியைப் பாருங்கள். 4 வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, 8 இருந்தால் பின்னால் வந்த நீள முனை. குட்டை முனை என்பதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. இன்ஜின் ஓடும்போது பல்லி தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

இரண்டாம் படி: காகித வேலை

இன்சூரன்ஸில் ‘சொந்தத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும்’ என்று மட்டும் எடுத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓட்டினால், விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகும். வேலைக்குப் போய்வருவதைத் தனியே குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். கிளாசிக் கார் பாலிசிகள் விலை குறைவு. ஆனால் பெரும்பாலும் ஆண்டுக்கு 3,000 மைல், 5,000 மைல் என்ற வரம்பும், அன்றாட ஓட்டத்துக்கு வேறு வண்டி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைப்பார்கள். இரண்டு வகைப் பாலிசியிலும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ கேளுங்கள். வண்டியின் படங்களையும் ரசீதுகளையும் கொடுத்து மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட்டால், பின்னால் சந்தை மதிப்பு என்று சொல்லி அடிமாட்டு விலை பேச முடியாது.

லண்டனில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளிடம் நாள் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லா நகரப் பிரிவுகளுக்கும் பொருந்துகிறது. தகுதி பெறாத காருக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். பெட்ரோல் வண்டி யூரோ 4 புகைத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 1990-களின் எம்எக்ஸ்-5 பொதுவாக அதில் தேறாது. வாரத்துக்கு 5 நாள் ஓட்டினால் 62.50 பவுண்ட். 40 வயது நிறைந்த வண்டியை ‘ஹிஸ்டாரிக்’ என்று பதிந்தால் விலக்கு உண்டு. 1990-இல் பதிவான வண்டிக்கு அது 2031 வாக்கில்தான். லண்டனுக்குள் தினமும் ஓட்ட வேண்டும் என்றால் 2005-க்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறையைப் பாருங்கள். எந்த வண்டியானாலும் பணம் கொடுக்குமுன் பதிவெண்ணைப் போட்டு இணையத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் நிறுத்தப் போகிறவர்கள் ‘சோர்ன்’, அதாவது வண்டி சாலையில் ஓடாது என்று அரசுக்கு அறிவித்தால் மீதமுள்ள முழு மாதங்களுக்கான சாலை வரி திரும்பக் கிடைக்கும். சோர்ன் உள்ள வண்டி தெருவில் நிற்கவே கூடாது, சொந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். முன்பதிவு செய்த எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனைக்குப் போக மட்டும் சாலையில் இறங்கலாம். அந்த மாதங்களுக்கும் தீ, திருட்டுக்கான இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: தண்ணீர் வெளியேறும் வழி

ஓட்டுகிறவர், நிறுத்துகிறவர் இருவருக்குமே இதுதான் முதல் வேலை. வாங்கிய அன்றே செய்யலாம். வடிகாலைப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

துணிக்கூரையின் பின் ஓரத்தில் விழும் மழைநீரை ஒரு வாய்க்கால் பிடித்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள வடிகாலுக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து ஒரு குழாய் வழியே கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து வடிகால் அடைத்தால் நீர் பொங்கி இரண்டு இடங்களுக்குப் போகும்: ஒன்று சீட்டுக்குப் பின்னுள்ள கம்பளம், மற்றொன்று சில் பெட்டி. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் உள்ளீடற்ற தகரப் பெட்டிதான் சில். கூரை இல்லாத வண்டிக்கு முதுகெலும்பே அதுதான். நீர் அதன் பின்முனையில் தேங்கி, உள்ளிருந்து அரித்து, பின்சக்கர வளைவுக்கு முன்னால் பெயின்ட் கொப்புளமாக வெளியே தெரியும். கொப்புளம் வெளியே வந்துவிட்டால் உள்தகடு அதற்கு வெகு முன்பே போயிருக்கும்.

சோதிக்கும் முறை இது. கூரையைப் பாதி திறந்து, பின்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து மூலையில் வடிகால் வாயைக் கண்டுபிடியுங்கள். சிறு புனலால் ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் கீழே பின்சக்கரத்துக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சில நொடிகளில் நீர் ஒரே சீராகக் கொட்டினால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அடைப்பு. புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் இழையில் அரை மீட்டர் வெட்டி, முனையைத் தீயில் காட்டி உருட்டி மழுக்கி, சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். கம்பி, திருப்புளி, அழுத்தக் காற்று எதுவும் கூடாது. வேகமாகக் குத்தினால் குழாய் தன் இடத்திலிருந்து கழன்றுவிடும். பிறகு வடிகால் திறந்திருப்பதுபோல் தெரியும், ஆனால் நீர் முழுவதும் சில்லுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு இருமுறை போதும்: இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து சில்லின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளைகள். சேறோ, யாரோ அள்ளி அப்பிய தாரோ அவற்றை மூடியிருக்கும். பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறங்கள். முன்சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றுங்கள். அதன் பின்னால், முன் ஃபெண்டரின் அடிமூலையில், கைநிறைய ஈரமண் சேர்ந்திருக்கும். அந்த மண் குளிர்காலம் முழுவதும் காயாது. உப்பு கலந்த ஈரமண் தகரத்தோடு ஒட்டிக்கிடப்பதுதான் அந்த மூலை ஓட்டையாவதற்குக் காரணம்.

பிறகு உள்ளுக்குள் மெழுகு. டினிட்ரால், பில்ட் ஹேம்பர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே நீள் குழாய் முனையோடு கேன் விற்கின்றன. குழாயின் நுனி எல்லாப் பக்கமும் தூவுவதாக இருக்க வேண்டும். கதவோரப் பிளாஸ்டிக் தட்டையும் ரப்பர் மூடிகளையும் கழற்றினால் சில்லுக்குள் போக வழி கிடைக்கும். குழாயைக் கடைசி வரை விட்டு, அழுத்தியபடியே மெல்ல வெளியே இழுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில், இரண்டு நாள் வெயிலில் வண்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். வெதுவெதுப்பில்தான் மெழுகு தகடுகளின் மடிப்புக்குள் ஊர்ந்து போகும். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மறுநாள் அடித்துளைகளை மறுபடியும் குத்திவிடுங்கள், மெழுகே அவற்றை அடைத்திருக்கும்.

வெளிப்புறம் தடித்த கறுப்புத் தார் பூசுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சில ஆண்டுகளில் அது வெடித்து, வெடிப்புக்குள் நீர் புகுந்து, துரு மறைவாக வளரும். கண்ணுக்குத் தகரம் தெரியும் ஒளி ஊடுருவும் மெழுகே மேல்.

நான்காம் படி: தினமும் ஓட்டுகிறவருக்கு

முதலில் தூரத்தைப் பாருங்கள். தினமும் 20 மைல் ஓடும் வண்டியைவிட 2 மைல் ஓடும் வண்டிதான் சீக்கிரம் கெடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம், அது கூலன்ட்டின் சூடு. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர அதைப்போல் இருமடங்கு நேரம் ஆகும். ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய்போல் படிந்திருந்தால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். சைலன்ஸரும் அதே காரணத்தால் உள்ளிருந்து அழுகும். வேலை 2 மைல் தூரத்தில் இருந்தால் நடந்தோ பஸ்ஸிலோ போங்கள். இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாளாவது அரை மணி நேர ஓட்டம் கொடுங்கள்.

ஆயில் 10டபிள்யூ-40 அரை செயற்கை போதும். ஃபில்டரோடு சேர்த்து 3.6 முதல் 4 லிட்டர் பிடிக்கும். குச்சியில் பார்த்து நிரப்புங்கள். தினசரி ஓட்டத்துக்கு 5,000 மைல் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. இன்ஜின் மேலிருந்து ‘டக் டக்’ என்று தையல் மெஷின் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். இந்த இன்ஜினில் வால்வு லிஃப்ட்டர்கள் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை. பழைய ஆயிலில் அவற்றின் நுண்துளை அடைபடும். ஆயிலை மாற்றிச் சில நூறு மைல் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கிளட்ச்சில் பலவீனமான இடம் கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள சிறு சிலிண்டர். கியர் விழும்போது கரகரத்தாலோ, பெடல் தரையோடு போனாலோ, அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு. அதை மட்டும் மாற்றினால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் சில மாதத்தில் அதே வேலையைக் காட்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றுவது நல்லது.

பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. தொழிற்சாலையில் வைத்தது வாயுவைக் குழாய் வழியே வெளியேற்றும் மூடிய வகை. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்தால் அமில ஆவி டிக்கித் தரையையே தின்றுவிடும். மூடிய வகையே வாங்கி, வாயுக்குழாய்களை மறக்காமல் மாட்டுங்கள்.

பின் ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை மடக்குமுன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைச் சமமாகப் படுக்க வைக்க வேண்டும். உறையும் குளிரில் மடக்கவே கூடாது. பிளாஸ்டிக் விறைத்து வெடிக்கும். தானியங்கி கார் வாஷ் பக்கம் போக வேண்டாம். கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையான ஹார்ட் டாப் கிடைத்தால் குளிர்காலத்துக்கு நல்லது. ஏறத்தாழ 20 கிலோ எடைதான், ஆனால் ஏற்ற இறக்க இரண்டு பேர் வேண்டும்.

ஜாக்கி போடும் இடத்தில் கவனம். சில்லின் கீழ் விளிம்பில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவேதான் ஜாக்கி படவேண்டும். டிராலி ஜாக்கி என்றால் முன்னால் குறுக்குச் சட்டம், பின்னால் டிஃபரன்ஷியல் உறை. டயர் கடைகளில் கண்ட இடத்தில் தூக்கி விளிம்பை நசுக்கிவிடுவார்கள். நசுங்கிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, அங்கிருந்துதான் துரு கிளம்பும். பக்கத்தில் நின்று இடத்தைக் காட்டிக் கொடுங்கள். சக்கர நட் 110 நியூட்டன் மீட்டர், டயர் காற்று 185/60 ஆர்14 அளவுக்கு 26 பிஎஸ்ஐ. மற்ற கார்களைப் பார்த்து 32 வைத்தால் மழையில் பின்பக்கம் வழுக்கும்.

இனி உப்பு. பிரிட்டனில் கவுன்சில்கள் பொதுவாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உறைபனி எச்சரிக்கை வந்தால் சாலையில் கல்லுப்பு தூவுகின்றன. உப்புநீர் சாதாரண நீரைப்போல் சீக்கிரம் காய்வதில்லை, உறைவதும் இல்லை, மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. மூன்றும் சேர்ந்து துருவை முடுக்கிவிடுகின்றன. உப்புச் சாலையில் ஓடிய வண்டியை வாரத்துக்கு ஒருமுறையாவது அடிப்பக்கம் கழுவுங்கள். தோட்டக் குழாய் போதும். நான்கு சக்கர வளைவுகள், சில்லின் அடிவிளிம்பு, பின்சக்கரத்துக்கு முன்மூலை, பின் பம்பருக்கு உள்பக்கம் என்று சோப்பில்லாத நீர் 10 நிமிடம் ஓடட்டும். அழுத்தக் குழாயைக் கிட்டத்தில் பிடித்தால் உப்பை மடிப்புக்குள் தள்ளிவிடும், அரை மீட்டருக்கு அப்பால் பிடியுங்கள். கழுவியதும் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கை உலர்த்துங்கள். நனைந்த உப்பு வண்டியைச் சூடான, காற்றோட்டமில்லாத கராஜுக்குள் விட்டு மூடுவது மிக மோசம். குளிர்காற்றடிக்கும் வெளி முற்றத்தைவிட அங்கேதான் துரு வேகமாகப் பிடிக்கும்.

ஐந்தாம் படி: பின் பிரேக்

ஓட்டினாலும் நிறுத்தினாலும் இந்த வண்டியில் முதலில் மக்கர் செய்வது பின் காலிப்பர்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பிரேக் பேட்டை அழுத்தும் பகுதி. அதன் சறுக்கு ஊசிகள் காய்ந்து இறுகும். ஒரு பக்க பேட் மட்டும் தேயும், ஹேண்ட் பிரேக் தளரும், எம்ஓடியில் தோற்கும். புதியவர்கள் இங்கே செய்யும் சேதம் ஒரே மாதிரிதான்: பேட்டைத் தள்ளும் பிஸ்டனை கிளாம்ப் வைத்து அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது. முன் காலிப்பரில் அது நடக்கும். பின்னால் உள்ளே ஹேண்ட் பிரேக்குக்கான திருகு இருப்பதால், அழுத்தினால் காலிப்பரே பாழாகும்.

காலிப்பரின் பின்பக்கம் 14 மி.மீ. தலையுள்ள ஒரு போல்ட் தெரியும். அது வெறும் மூடி. அதைக் கழற்றினால் துளைக்குள் 4 மி.மீ. அறுகோண ஆலன் சாவி பொருந்தும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு அதை இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் தானே உள்ளே போகும். பேட் மாற்றி, ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டிய பிறகு, பேட் டிஸ்க்கைப் பிடித்து நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னுக்கு விடுங்கள். சக்கரம் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். மூடி போல்ட்டைத் திரும்பப் போட மறந்தால் உப்புநீர் உள்ளே போய் அடுத்த ஆண்டு ஆலன் சாவி நுழையாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் ஓடாத வண்டியிலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

ஆறாம் படி: குளிர்காலத்துக்கு நிறுத்துதல்

நிறுத்தும் வாரத்தில், முதல் உப்பு விழுவதற்கு முன், இந்த வரிசையில் செய்யுங்கள்.

அடிப்பக்கம் உட்பட முழுவதும் கழுவி, அரை மணி நேரம் ஓட்டி உலர்த்துங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் 5 மாதம் பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கூலன்ட்டில் ஆன்டிஃப்ரீஸ் பாதிக்குப் பாதி இருக்கட்டும்.

பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள். காலியிடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் நீரும் குறையும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. நிறுத்துமுன் நிரப்பும் டேங்க், எத்தனால் 5 சதவீதத்துக்குள் உள்ள இ5 சூப்பராக இருக்கட்டும். அதில் ஸ்டெபிலைசரைப் பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்து, 10 மைல் ஓட்டினால்தான் அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும்.

டயரில் 36 முதல் 40 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள், பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். போட்டே வைத்தால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரியில் தானாக நின்று இயங்கும் கண்டிஷனர் சார்ஜரை மாட்டுங்கள். சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் பேட்டரி வறண்டுபோகும். கூரையை மூடியே வையுங்கள். மடக்கி வைத்தால் துணி சுருங்கி, வசந்தத்தில் கொக்கி எட்டாது. கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கிவிடுங்கள்.

ஏர் இன்டேக் வாயிலும் சைலன்ஸர் முனையிலும் எலி போகாமல் கம்பி நார் திணித்து, அதை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள். மேலே போடும் உறை மூச்சு விடும் துணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் ஈரம் அடியில் தங்கி, பெயின்ட்டில் வெண்புள்ளி விழும்.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது இன்ஜினுக்கு நன்மை செய்வதாகத் தோன்றும், நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு முறையும் ஆயிலிலும் சைலன்ஸரிலும் புது ஈரம் சேரும், வெளியேறுவதற்குச் சூடு போதாது. ஸ்டார்ட் செய்தால் உப்பில்லாத உலர்ந்த நாளில் அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள். கிளட்ச்சை நாலு முறை மிதிப்பதும், வண்டியைக் கால் சக்கரம் அளவுக்கு உருட்டி வைப்பதும், முகப்பு விளக்கை ஏற்றி இறக்குவதும் போதும். விளக்கு பாதியில் நின்றுவிட்டால், அதன் மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் கையால் திருப்பும் குமிழ் இருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் பொத்தி வைப்பவர்கள் டயரின் வயதை மறந்துவிடுகிறார்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் புதிதுபோல் ஆழமாக இருந்தாலும் 10 வயது டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. ஏபிஎஸ் இல்லாத பின்சக்கர வண்டியில் அது விளையாட்டல்ல. 6 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் வெடிப்பு பாருங்கள், 10-க்குள் மாற்றிவிடுங்கள். பழைய அளவில் டயர் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். முதல் தலைமுறைக்கான மீட்டமைப்புத் திட்டத்தை மாஸ்டா 2017-இல் ஜப்பானில் அறிவித்தபோது, அந்தக் காலத்து 185/60 ஆர்14 பிரிட்ஜ்ஸ்டோன் டயரையே மறுபடி தயாரிக்க வைத்தது. கூரை, மரப்பிடி ஸ்டியரிங் போன்ற பாகங்களும் அப்படியே திரும்பி வந்தன.

ஏழாம் படி: வசந்தத்தில் எழுப்புதல்

பெரிய மழை ஒன்றிரண்டு பெய்து சாலையிலிருந்த உப்பு கழுவிப் போகட்டும். பிறகு கம்பி நாரை எடுத்துவிட்டு, டயரை 26-க்கு இறக்கி, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் தரையில் புதுக் கறை இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

உடனே ஸ்டார்ட் ஆகவிடாமல் முதலில் ஆயில் ஏறட்டும். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேபின் சுவரை ஒட்டி கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டால் பெட்ரோலும் வராது, தீப்பொறியும் வராது. 5 நொடி வீதம் இரண்டு முறை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். லிஃப்ட்டர் சத்தம் சில நிமிடம் கேட்கும், அது வழக்கமே. வேகம் கூட்டாமல் ஓடவிடுங்கள்.

வீட்டு வாசலிலேயே பிரேக்கை அழுத்திப் பாருங்கள். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு முதல் மைலில் கரகரத்துப் போய்விடும். 5 மைல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அந்தக் காலிப்பர் ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் படியில் சொன்ன வேலையை அன்றே பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை முறுக்கு அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்த்து, வடிகாலில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, கூரையைத் திறந்து வேலைக்கு எடுத்துப் போகலாம்.